"போர்டு போச்சு தம்பி" - ஒரு கண்டனம்

எலக்ட்ரானிக்ஸ் பத்தி நம்ம ஊர்ல அதிகமா சொல்லப்படுற பொய் எதுன்னு யாராவது கேட்டா, யோசிக்காம சொல்லிடுவேன். "போர்டு போச்சு தம்பி." மூணே வார்த்தை. ரிமோட் கொண்டு போங்க, இன்வெர்ட்டர் கொண்டு போங்க, மைக் செட் ஆம்ப்ளிஃபயர் கொண்டு போங்க. பல கடைகள்ல மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடும். அப்பீலும் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்ல போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதுதான்.

இந்த மூணு வார்த்தையைத் தமிழ்லேர்ந்து தமிழுக்கு மொழிபெயர்த்தா இப்படி வரும்: "இதைத் திறந்து பாக்க அரை மணி நேரம் ஆகும், நீ குடுக்குற நூறு ரூபாய்க்கு அது எனக்குக் கட்டுபடி ஆகாது." இதை நேரடியா சொன்னா மதிப்பேன். "போர்டு போச்சு"ன்னு சொல்றதுதான் பிரச்சினை. ஏன்னா பல கேஸ்ல போர்டு எங்கேயும் போகல. அங்கேயேதான் இருக்கு :-)

சும்மா பொதுவா திட்டிக்கிட்டே போனா யாரும் நம்ப மாட்டீங்க. அதனால ஒரே ஒரு பொருளை எடுத்துக்கறேன். கித்தாருக்குப் போடுற வா-வா பெடல். "பேராவூரணியில கித்தாரா?"ன்னு சிரிக்கறவங்க கொஞ்சம் நிறுத்திக்குங்க. தென்னந்தோப்புக்கு நடுவுல இருந்தாலும் எங்க பக்கம் கோயில் திருவிழான்னா மெல்லிசைக் கச்சேரி உண்டு, சர்ச்சுல கொயர் உண்டு, காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் உண்டு. எழுபது, எண்பதுகள்ல வந்த டிஸ்கோ மெட்டுப் பாட்டை எவனாவது கேட்டான்னா கித்தார்காரன் கால்ல அந்தப் பெடல் இருந்தே ஆகணும். "வக்கா வக்கா வக்கா"ன்னு கித்தார் வாயைத் திறந்து மூடுற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான்.

முதல்ல இது எப்படிப் பொறந்துச்சுன்னு சொல்லிடறேன், வாதத்துக்கு வேணும். 1966. அமெரிக்காவுல தாமஸ் ஆர்கன் கம்பெனி. வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்ல இருந்த ஒரு டோன் சுவிட்சுக்குப் பதிலா செலவு கம்மியா ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட் பண்ணுன்னு பிராட் பிளங்கெட்ங்கற இளம் இன்ஜினியர்கிட்ட வேலை குடுத்தாங்க. அவர் சர்க்யூட்டைப் பண்ணி, பக்கத்துல கிடந்த ஆர்கன் வால்யூம் பெடலுக்குள்ள அதைத் தூக்கி வெச்சாரு. அவ்வளவுதான் வா-வா பெடல். காப்புரிமைக்கு 1967-ல விண்ணப்பம் போட்டாங்க, 1970-ல கிடைச்சுது. அதுக்குள்ள 1968-ல ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை மிதிச்சு உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சுட்டாரு. 1971-ல 'ஷாஃப்ட்' பட இசையில அதுவே தாளம் மாதிரி ஓடிச்சு. கவனிங்க மக்களே, இந்தப் பொருள் பொறந்ததே செலவைக் குறைக்கப் போய்ப் பண்ண ஒட்டு வேலையிலதான். ஒரு வாத்தியத்தோட உதிரி பாகத்துல இன்னொண்ணை வெச்சது. அப்பேர்ப்பட்ட பெட்டியைப் பாத்து "இதையெல்லாம் தொட முடியாது"ன்னா எப்படி?

உள்ள என்ன இருக்கு? பழைய மாடல்ல ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு டஜன் ரெசிஸ்டர், அரை டஜன் கெப்பாசிட்டர், ஒரு குட்டிக் காயில், பல்சக்கரம் வெச்ச ஒரு வால்யூம் கன்ட்ரோல் (பாட்னு சொல்லுவாங்க), ஒரு சுவிட்ச், ரெண்டு ஜாக், ஒரு 9 வோல்ட் பேட்டரி. முடிஞ்சுது. பின்னாடி வந்த மாடல்கள்ல முன்பக்கம் இன்னொரு டிரான்சிஸ்டர் சேத்தாங்க. அதுக்கு மேல பெரிய ரகசியம் இல்ல.

வேலை செய்யற விதமும் ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். காயில் சுமார் 500 மில்லி ஹென்றி. அதோட ஜோடி சேர்றது 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். ஒத்ததிர்வு ஃபார்முலால போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 2250 ஹெர்ட்ஸ் வரும். பெடலோட முன்பக்கம் மிதிச்சா வர்ற கீச்சுக்குரல் அந்தப் பக்கத்துலதான் இருக்கு. குதிகாலை அழுத்துனா டிரான்சிஸ்டர் அந்தக் கெப்பாசிட்டரை ஏமாத்தி, அது இருபத்தஞ்சு மடங்கு பெருசு மாதிரி நடிக்க வைக்குது. இருபத்தஞ்சுக்கு வர்க்கமூலம் அஞ்சு. 2250-ஐ அஞ்சால வகுத்தா 450 ஹெர்ட்ஸ். அந்தக் கொழகொழ அடிக்குரல். நம்ம வாய் 'ஊ'விலேர்ந்து 'ஆ'வுக்குப் போறப்ப பண்ற வேலையத்தான் இது கால்ல பண்ணுது. இதைப் படிச்சு பரிட்சையில பதினாறு மார்க் வாங்குன ஆளுங்கதான் நம்ம கிளாஸ்ல பாதிப்பேர்.

சரி, இப்ப ரிப்பேர். இந்தப் பெடல்ல வர்ற வியாதிங்க ரொம்பக் கம்மி. அதுலயும் பெரும்பாலும் போர்டுக்கு வெளியிலதான்.

மிதிக்கும்போது 'கரகர'ன்னா அந்தப் பாட்டுக்குள்ள தூசி. எங்க ஊர்லேர்ந்து சேதுபாவாசத்திரம் கடற்கரை ஒண்ணும் தூரமில்ல. உப்புக்காத்து, அறுவடை நேரத்துல வைக்கோல் தூசி, திருவிழா மேடையில செம்மண். பின்ன எப்படி இருக்கும்? கான்டாக்ட் கிளீனர்னு ஸ்ப்ரே விக்குது. ரெண்டு சொட்டு உள்ள விட்டு இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டுங்க. (ஊர்ல தாராளமா கிடைக்குதேன்னு தேங்காய் எண்ணெயை விட்டுடாதீங்க. அடுத்த வாரம் அதுலயே தூசி களி மாதிரி ஒட்டிக்கும்.) சுத்தம் பண்ணியும் கரகரப்பு போகலன்னா ரெண்டு காரணம். பாட்டோட கார்பன் தடம் தேஞ்சிருக்கும், இல்லாட்டி பக்கத்துல இருக்கற கெப்பாசிட்டர் ஒழுகி, போகக்கூடாத டி.சி. வோல்டேஜ் பாட்டுக்குப் போகும். மல்டிமீட்டரை வெச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். இந்த ரெண்டாவது விஷயம் தெரியாமத்தான் பலபேர் பாட்டை மாத்தி மாத்திப் போட்டு அலுத்துப் போறாங்க.

மிதிச்சா சத்தம் மாறுது, ஆனா பாதியிலேயே நின்னுடுதுன்னா, பல்சக்கரம் பல்லு தாண்டியிருக்கும். ஸ்க்ரூ கழட்டி, பல்லை விடுவிச்சு, பாட்டைச் சரியான கோணத்துக்குத் திருப்பி மறுபடி பல்லுல பல்லு வெச்சா முடிஞ்சுது. சைக்கிள் செயின் மாட்டத் தெரிஞ்சவன் பண்ணுற வேலை.

ஆன் ஆகவே மாட்டேங்குதுன்னா, சுவிட்ச் முன்பக்க மிதிக்கு அடியில இருக்கும். அங்க வெச்சிருக்கற ரப்பர் தேஞ்சோ, சுவிட்ச் நட்டு லூஸாகிக் கீழ இறங்கியோ போனா மிதி சுவிட்சைத் தொடவே தொடாது. நட்டை ஒரு திருகு திருகி சுவிட்சை மேல ஏத்துங்க. இதுக்கு ஸ்பேனர்தான் வேணும், எலக்ட்ரானிக்ஸ் ஞானமே வேணாம்.

ஆஃப்ல கித்தார் நல்லாக் கேக்குது, ஆன் பண்ணா செத்துடுதுன்னா கரண்ட் போகலன்னு அர்த்தம். முதல்ல பேட்டரி. ஒயரை ஜாக்குல சொருகியே வெச்சிருந்தா, பெடலை மிதிக்காட்டியும் பேட்டரி ராத்திரி பூரா காலியாகிட்டே இருக்கும், ஏன்னா உள்ளே வர்ற ஜாக்குதான் பேட்டரிக்கு சுவிட்ச். அடுத்தது அடாப்டர். கச்சேரி மேடையில கீபோர்டுக்கு வெச்சிருக்கற அடாப்டரை "பின்னு பொருந்துது"ன்னு எடுத்து சொருகறாங்க பாருங்க, அதுதான் கொலை. பெரும்பாலான பெடலுக்கு நடுப்பின்னு நெகடிவ், பல கீபோர்டுக்கு நடுப்பின்னு பாசிடிவ். வோல்ட்டும் வேற. டிரான்சிஸ்டர் நிஜமாவே போறது பெரும்பாலும் இப்படித்தான். அப்பக்கூட போனது சில ரூபாய் டிரான்சிஸ்டர், போர்டு இல்ல.

என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு நடந்தது இந்த வகைதான். கச்சேரிக்கு நாலு நாள் இருக்கு, பெடல் ஆன் பண்ணா மௌனம். ஒரு கடையில "போர்டு போச்சு தம்பி, இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டாங்க. புதுசு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல. அவனுக்கு அது எத்தனை கச்சேரி சம்பளம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஹாஸ்டல்ல நாலு ஸ்க்ரூ கழட்டினோம். உள்ளே வர்ற ஜாக்குல பேட்டரியோட கறுப்பு ஒயர் துரு பிடிச்சு அறுந்து தொங்குது. துருவைச் சுரண்டி, ஒரு பொட்டு ஈயம். பாடிடுச்சு. மூடியைத் திறந்திருந்தா அந்தக் கடைக்காரர் கண்ணுலயே பட்டிருக்கும். திறக்கலங்கறதுதான் என் குற்றச்சாட்டு.

இதுக்கெல்லாம் மேல போயி, உள்ள எங்கேயோதான் கோளாறுன்னா? அதுக்கும் வழி இருக்கு. பழைய ரேடியோ மெக்கானிக்குங்க கையில இருந்த வித்தை. ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரோட ஒரு காலை ஆம்ப்ளிஃபயருக்குப் போற ஒயர் நுனியில பத்த வைங்க, ஒயரோட எர்த்தை பெடலோட எர்த்துல கவ்வ விடுங்க. இப்ப இன்னொரு கால் உங்க காது. கித்தாரை ஒருத்தன் மீட்டட்டும், நீங்க சர்க்யூட்ல உள்ளே வர்ற இடத்துலேர்ந்து ஒவ்வொரு புள்ளியா தொட்டுக்கிட்டே போங்க. சத்தம் எந்தப் புள்ளியில நிக்குதோ, அதுக்கு முந்தின பாகம்தான் குற்றவாளி. மொத்தச் செலவு பத்து ரூபா ஆகாது. கூடவே வோல்டேஜ் பாருங்க. முதல் டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல பேட்டரியில பாதி, சுமாரா அஞ்சு வோல்ட் கிட்ட இருக்கணும். ரெண்டாவதோட கலெக்டர்ல கிட்டத்தட்ட முழு பேட்டரி வோல்டேஜ். எது விலகி நிக்குதோ அங்க தோண்டுங்க.

காயில் போயிடுச்சுன்னா? இதைத்தான் எல்லாரும் பிரம்மாஸ்திரம் மாதிரி எடுத்து விடுவாங்க. "காயில்லாம் இங்க கிடைக்காது தம்பி." அட, இங்க எந்த ஊர்ல உக்காந்து பேசறீங்க? பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தோப்புக்குத் தோப்பு போர்வெல் மோட்டார். மோட்டார் எரிஞ்சா தூக்கியா போடறாங்க? காயில் கட்டக் குடுக்கறாங்க. அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைப் பிரிச்சு, செம்புக்கம்பியை எண்ணி எண்ணிச் சுத்தி, வார்னிஷ் அடிச்சு, காய வெச்சு மறுபடி ஓட விடற அண்ணன்மாருங்க பஜார்ல உக்காந்திருக்காங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்லாம ஊரே கிடந்தப்ப ஜெனரேட்டரையும் மோட்டாரையும் ஓட வெச்சு குடிதண்ணி ஏத்துனது யாரு? இந்த மாதிரி கையில அழுக்கு ஒட்டுன ஆளுங்கதான். பெடல் காயில் சுண்டுவிரல் நகம் அளவு ஃபெரைட்டுல மெல்லிசுக் கம்பி சில நூறு சுத்து. நுணுக்கமான வேலைதான், ஒத்துக்கறேன். ஆனா நடக்காத வேலை இல்ல. அதுவும் காயில் சாகறது ரொம்ப அபூர்வம். மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க, சில பத்து ஓம் காட்டினா அது உயிரோடதான் இருக்கு.

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்களையும் விடறதா இல்ல. கித்தார் மேதாவிங்க. பெடல் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் கேட்டா, "அந்த இன்டக்டர் குப்பை, இத்தாலியில செஞ்ச அந்தக் காலத்துக் காயில் போடு, ட்ரூ பைபாஸ் பண்ணு, அப்பத்தான் டோன்"னு ஆரம்பிப்பாங்க. ஏங்க, அவன் பெடல் பேசவே மாட்டேங்குதுன்னு அழுவறான், நீங்க அதுக்கு பாட்டு வாத்தியார் வைக்கச் சொல்றீங்க! பழைய வா-வா ஆஃப்ல இருந்தாலும் கித்தார் சத்தத்தைக் கொஞ்சம் மங்க வைக்கும்ங்கறது உண்மை, சுவிட்சை மாத்துனா அது சரியாகும்ங்கறதும் உண்மை. ஆனா அது அலங்காரம். வைத்தியம் வேற. கடைக்காரர் "தூக்கிப் போடு"ங்கறாரு, மேதாவி "பாதியைத் தூக்கிப் போட்டு காஸ்ட்லியா மாத்து"ங்கறாரு. ரெண்டு பேருமே என்ன கெட்டுதுன்னு பாக்கல.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது வேற ஒண்ணுல. நாம இருக்கறது எந்த ஜில்லா? தஞ்சாவூர். வீணையில மெழுகு இளகிச் சுருதி விலகிடுச்சுன்னா 24 மெட்டையும் எடுத்துட்டு மறுபடி மெழுகு வெச்சு, காதால கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணா உக்கார வைப்பாங்க. மேளம் கட்டறதுன்னு அதுக்குப் பேரே இருக்கு. மிருதங்கம் வலந்தலையில கரணை உதிர்ந்தா புதுசா போடறாங்க, வார் தளர்ந்தா இழுத்துப் பிடிக்கறாங்க, தொப்பிக்கு ஒவ்வொரு கச்சேரிக்கும் ரவை அப்பறாங்க. தவிலுக்குத் தோல் மாத்தறாங்க. நாகஸ்வரக்காரர் சீவாளி கட்டையே தனியா வெச்சுக்கிட்டு, ஒண்ணு பேசலன்னா இன்னொண்ணை ஈரம் பண்ணி மாட்டறாரு. "மிருதங்கம் போச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க"ன்னு எவனாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொன்னா அடிச்சே விரட்டுவாங்க. வாத்தியம்னா அது அப்பப்ப கெடும், அதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும், வாசிக்கறவனுக்கும் பாதி தெரிஞ்சிருக்கணும். இந்த ஊர் காலங்காலமா வெச்சிருந்த ஏற்பாடு இது. ஒயரும் பேட்டரியும் உள்ள வந்ததும் அந்த ஏற்பாடு ஏன் செத்துப் போகணும்? வா-வா பெடலும் வாத்தியம்தானே?

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். இப்ப வர்ற பல புதுப் பெடல்கள்ல பாகமெல்லாம் கடுகு சைஸ், சாதாரண சால்டரிங் அயர்ன் வெச்சா போர்டே கருகும். சரி. சில கம்பெனிங்க சர்க்யூட் மேல கோந்தை ஊத்தி மறைச்சிடறாங்க. அதுவும் சரி. வா-வாவுக்கு வேண்டிய பல்சக்கர பாட் பக்கத்துக் கடையில கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கற சாதாரண 100 கிலோ ஓம் பாட்டைப் போட்டா சத்தம் வரும், ஆனா அந்த வளைவு வேற மாதிரி இருக்கும். பெடல் நடுவுல சும்மா இருந்துட்டு ஓரத்துல திடீர்னு கத்தும். இதெல்லாம் நிஜமான கஷ்டம். அப்புறம் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. அரை மணி நேரம் தேடி ஒரு பொட்டு ஈயம் வெச்சதுக்கு இருநூறு ரூபா கேட்டா, "ஒரு ஒயர் ஒட்டுனதுக்கா?"ன்னு சண்டைக்குப் போறது நம்ம ஆளுங்கதான். போர்டு மாத்துனேன்னு சொல்லி ரெண்டாயிரம் கேட்டா வாயை மூடிக்கிட்டு குடுக்கறாங்க. அப்ப அவர் எந்தப் பொய்யைச் சொல்லுவாரு? கண்டுபிடிக்கற வேலைக்குக் கூலி இல்லாத ஊர்ல கண்டுபிடிக்கறவன் இருக்க மாட்டான்.

சர்க்காரும் சும்மா இல்லைங்கறாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுது, அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் திறந்தாங்க. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வண்டிகள்னு நாலு துறை. வாத்தியங்களுக்குன்னு தனியா ஒரு வரி கிடையாது. டிராக்டர்காரருக்கு அது உதவுனா சந்தோஷம். ஆனா ஸ்பேர் பார்ட்டும் சர்க்யூட் படமும் கையில வந்தாக்கூட, திறந்து பாக்கற ஆள் வேணுமே.

அந்த ஆள் எங்கேர்ந்து வரணும்? எங்க மாதிரி ஈ.சி.ஈ. பசங்ககிட்டேர்ந்துதான். ஆனா நாங்க என்ன பண்றோம்? லேபுக்குப் போனா எல்லாம் நல்லா வேலை செய்யற சாமான். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயரைப் பிரெட்போர்டுல கட்டு, ரீடிங் எடு, கிராஃப் போடு. ரீடிங் வரலன்னா? பக்கத்து டேபிள் நோட்டைப் பாத்து எழுது. கெட்டுப்போன சர்க்யூட்டை எங்க கையில குடுத்து "என்ன ஆச்சுன்னு கண்டுபிடி"ன்னு நாலு வருஷத்துல ஒரு நாள் கூட யாரும் சொன்னதில்ல. முழுசா வேலை செய்யற சாமானை மட்டும் பாத்து வளர்ற டாக்டர் எப்படி இருப்பாரு? நாளைக்கு இந்தப் பசங்கதான் சர்வீஸ் சென்டர்ல உக்காந்து "போர்டு போச்சு சார்"னு கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொல்லப் போறாங்க.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு என்கிட்ட ஒரு கோரிக்கை இருக்கு. அடுத்த செமஸ்டர் பிராக்டிகல்ல கிராஃப் ஷீட் எல்லாம் வேணாம். பத்து பழைய வா-வா பெடல் வாங்கி, இல்ல அதே சர்க்யூட்டை நீங்களே பத்து போர்டுல கட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கோளாறை ஒளிச்சு வைங்க. ஒண்ணுல ஒயரை அறுத்து விடுங்க, ஒண்ணுல கெப்பாசிட்டரை ஷார்ட் பண்ணுங்க, ஒண்ணுல ஜாக்குல துரு. ஒரு மல்டிமீட்டர், ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், முப்பது நிமிஷம். எத்தனை பேர் பாஸ் ஆவாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் கேக்கறேன்.